நெப்டியூனாக நின்ற மச்சான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் பதிப்பகத்தின் சிறுவர் அறிவியல் வரிசைக்குப் பூமியையும் அதன் அக்கம்பக்கத்துக் கிரகங்களையும் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும் அடியேன் வணங்கி எழுதுவது. இங்கே மச்சானின் முழங்கால் நீங்கலாக எல்லாரும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் சிவப்புப் பேனாவுக்குச் சற்றே ஓய்வு கிடைப்பதையும் விரும்புகிறேன்.

ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தீர்கள். சூரியக் குடும்பத்தைத் தெருவில் அளவு மாறாமல் அமைத்துப் பார்ப்பது பிள்ளைகளால் ஆகிற காரியமில்லை, எழுதிய ஆளே செய்து பார்த்திருக்கமாட்டார் என்பது தங்கள் சந்தேகம். வாஸ்தவம்தான். எரிமலையைப் பற்றிய அத்தியாயத்தையே நான் போர்வைக்குள் இருந்துதான் எழுதினேன். ஆனால் என் மகள் யாரும் மிரட்டாமல் தானாகப் படித்தது அந்த ஏழாம் அத்தியாயம் ஒன்றைத்தான். அதை எடுக்கப்போகிறார்கள் என்றதும், "அப்ப மிச்சப் புத்தகத்தை யாருப்பா படிப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே, செய்முறைகளை எழுதியவரே வீட்டாரை வைத்துச் செய்து பார்த்துத் தெரிவிக்க வேண்டும் என்ற தங்கள் பதிப்பக விதிப்படி, ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பார்த்துவிட்டேன். அந்த அத்தியாயத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதம்.

சூரியனுக்கு மகளின் கால்பந்து. அதை அளந்து மற்ற கணக்கையெல்லாம் நானே போட்டேன். பூமி ஒரு பட்டாணி, வியாழன் ஒரு ஆரஞ்சு, சனி ஒரு எலுமிச்சம்பழம், நெப்டியூன் ஒரு திராட்சை. பழத்துக்குப் பஞ்சமில்லை, ஆள் சேர்ப்பதில்தான் வம்பு. பூமியை என் மனைவி வாங்கிக்கொண்டாள், விஞ்ஞான ஆர்வத்தால் அல்ல, பூமியின் இடம் எங்கள் தெரு மளிகைக் கடை வாசலில் வந்தது, அவளுக்குச் சோப்பு வாங்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன், அதாவது எங்கள் தெருவிலேயே கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கிற, துணிக்கடைக் கல்லாவை விட்டு எழுந்து நடந்து பல வருஷமான என் மச்சான், காபி குடிக்க வந்து மாட்டினார். எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அது என்ன கிரகம் என்று கேட்டவர், சூடு பட்டமாதிரி கையை இழுத்துக்கொண்டார். "சனியையா மாப்பிள்ளை என் கையில குடுக்கறீங்க, நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்றார். மனைவி விடுவாளா, "அது இவருகிட்டயே இருக்கட்டும்ணே, கூடவே வளர்ந்ததுதானே" என்றாள். கடைசியில், ஜாதகத்தில் இல்லாத கிரகமாக ஒன்று கொடுக்கும்படி அவரே கேட்டுத் திராட்சையை வாங்கிக்கொண்டார். எவ்வளவு தூரம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி சிமெண்ட் குடோன் வாசல், அங்கே நில்லுங்கள், மகள் போன் செய்வாள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு கிலோமீட்டருக்கு மேல்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படி எழுதுவேன். வியாழனை நின்றிருந்த ஒரு பால் வண்டியின் மேல் வைத்தேன், வண்டி கிளம்பி வியாழனும் போய்விட்டது. நான் சனியோடு என் இடத்தில் போய் நிற்க, இங்கே தெருப்பிள்ளைகள் சூரியனைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். மகள் சூரியனுக்குப் பின்னால் ஓட, பூமி சோப்போடு வீடு திரும்ப, நானும் வெயில் தாங்காமல் வந்துவிட்டேன். சூரியனை மீட்டபிறகுதான் எல்லாருக்கும் நெப்டியூன் ஞாபகம் வந்தது. போன் போட்டால் எங்கள் அடுப்படியிலேயே மணியடிக்கிறது, மச்சான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கே குடோன் வாட்ச்மேன் யார் நீங்க என்று கேட்டதற்கு இவர் நெப்டியூன் என்று சொல்ல, அவன் ஏதோ கம்பெனி என்று நினைத்து, மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க என்றானாம்.

சட்டை நனைய, நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் திட்டவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அங்கேருந்து திரும்பிப் பார்த்தேன் மாப்பிள்ளை. சூரியனும் தெரியல, பூமியும் தெரியல, நீங்க ஒருத்தரும் தெரியல. நடுவுல எவ்வளவு வெறும் எடம். நான் பாட்டுக்கு ஒரு திராட்சையை வெச்சுக்கிட்டு தனியா நிக்கறேன்."

மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமாவுக்குப் புரிஞ்சிடுச்சுப்பா" என்றாள். திராட்சை எங்கே என்று கேட்டதற்கு, தாகமாக இருந்தது என்று சொல்லிவிட்டார்.

அம்மா, இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? கல்லாப்பெட்டிக்கு வெளியே உலகம் தெரியாத மனிதருக்கே ஆகாயத்தின் காலியிடம் விளங்கிவிட்டது, பிள்ளைகளுக்கு விளங்காதா? அளவுகளில் அணுவளவும் பிழையில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். ஏழாம் அத்தியாயத்தின் மேல் கைவைத்துவிடாதீர்கள்.

படம் போடும் தம்பிக்கும் அச்சகத்தாருக்கும் என் அன்பைச் சொல்லவும். தங்கள் வரிசையின் புத்தகங்கள் பிள்ளைகள் கையில் கிழிந்து, மறுபடி மறுபடி அச்சேற வாழ்த்தும்,

தங்கள் பணிவுள்ள
எழுத்தாளன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் வந்து, பந்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டாள். டேப்பைப் பந்தைச் சுற்றிப் பிடித்துக் காட்டினேன். "அது சுத்தளவுப்பா. பந்து அவ்வளவு அகலமா இருந்தா எப்படிப்பா உதைக்கிறது?" என்றாள். பழத்திலிருந்து பாதை வரை எல்லாமே மூன்று மடங்கு பெரிசாகிவிட்டதாம். கணக்கைத் திருத்திப் பார்த்ததில், நெப்டியூனின் சரியான இடம் நான் சனியோடு இருந்த இடமேதான், அதாவது மச்சான் வீட்டு வாசல், வேப்பமரத்து நிழல், அவருடைய சாய்வு நாற்காலி. அதில் சாய்ந்துகொண்டுதான் அவர் மனைவி சனியைப் பிழிந்து கொடுத்த எலுமிச்சை ஜூஸை நான் குடித்தேன். மச்சானோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தான் நெப்டியூன் வரை போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், புத்தகம் வந்தால் நூறு பிரதி வாங்கிக் கடையில் வைப்பதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார். அளவைத் திருத்தி அச்சிட்டால் அவர் படித்துவிடுவார். ஆகவே ஏழாம் அத்தியாயத்தைத் தயவுசெய்து உடனே எடுத்துவிடவும். எடுத்தது நீங்கள்தான் என்று மகளிடம் சொல்லிக்கொள்கிறேன்.