மாப்பிள்ளை காரில் ரேடியோ

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் தெரியாது. சக்கரத்தை முதலில் உருட்டியவன் பெயரும் தெரியாது. ஆனால் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதன்முதலாகக் கல்யாணக் காரில் ரேடியோவை வைத்து மாப்பிள்ளை அழைப்பு நடத்திய மனிதரின் பெயர் மட்டும் சூரிய சந்திரர் உள்ளவரை நிற்கும் என்று பூந்தமல்லி பரந்தாமன் மனதார நம்பினார். அப்படி நம்பிய நேரத்தில் அவருடைய தலை ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது. கால்கள் கார்க் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாயில் ஓர் ஆணி இருந்தது.

"இன்னா மாமா, பாட்டு வருதா?" என்று அந்தக் கால்களைப் பார்த்துக் கேட்டான் மச்சான் லோகநாதன்.

பரந்தாமன் ஆணியைத் துப்பினார். "உஸ்ஸுன்னு வருது."

"அது இன்னா ராகம்?"

கால்கள் மட்டும் கொஞ்சம் கோபமாக அசைந்தன.

மறுநாள் விடிந்தால் மகள் சாமுண்டீஸ்வரிக்குக் கல்யாணம். இன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோவில்பதாகையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து ஊர் முனைப் பிள்ளையார் கோயிலில் இறங்குவார்கள். அங்கிருந்து மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு பெண் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். கார் பரந்தாமனுடையது. பறங்கிமலை துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கான்வாஸ் கூரை வண்டி. மேளதாளம்தான் இப்போது ஸ்டியரிங்குக்கு அடியில் உஸ்ஸென்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் காரில் சங்கீதம் ஏறுவது இது முதல்முறை அல்ல. போன வருஷம் பின்சீட்டில் கிராமபோனை வைத்து ஓட்டிப் பார்த்தார். வேலப்பன்சாவடி தாண்டியதும் ரோட்டில் ஒரு பள்ளம் வந்தது. பாடிக்கொண்டிருந்த அம்மாள் பல்லவியிலிருந்து ஒரே தாவலில் மங்களத்துக்குப் போய்விட்டாள். அடுத்த பள்ளத்தில் தட்டே இரண்டாகிவிட்டது. பள்ளத்துக்குப் பயப்படாத சங்கீதம் எது என்று யோசித்தபோதுதான் ரேடியோ வாங்கும் ஞானம் பிறந்தது.

மவுண்ட் ரோடு கடை ஒன்றில், கடைவீதி விளக்கெல்லாம் ஏற்றியிருந்த நேரத்தில், அந்தப் பெட்டியின் காதைத் திருகிக் காட்டினார்கள். பெட்டிக்குள் ஒரு பெண்மணி நின்றுகொண்டு பாடுவதுபோலவே இருந்தது. பரந்தாமன் அங்கேயே விழுந்துவிட்டார். மாட்டித்தர ஆள் அனுப்புகிறோம் என்றார் கடைக்காரர். தன் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தானே சரிசெய்த மனிதருக்கு இது அவமானமாகப் பட்டது. அந்தக் குழாய் இன்றுவரை சொட்டுகிறது என்பது வேறு விஷயம்.

"ஒண்ணு சொல்லணும் சார், இந்த ஸ்டேஷன் இருக்குதே..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"ஸ்டேஷன் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி தசரதன், மேளம் இல்லாமல் தங்கள் வீட்டுப் பிள்ளை எவர் வீட்டுப் படியும் ஏறமாட்டான் என்று கறாராகச் சொல்லியிருந்தார். சபையில் அத்தனை பேர் முன்னால் பரந்தாமன் எழுந்து நின்று, "மேளம் வரும் சம்பந்தி. மேளக்காரர்தான் வரமாட்டார்" என்றார். சபைக்குப் புரியவில்லை. புரியாததால் கைதட்டியது.

குத்தம்பாக்கம் வீராசாமி பரந்தாமனின் கல்யாணத்துக்கே நாதஸ்வரம் வாசித்தவர். பெண்ணின் கல்யாணத்துக்குத் தேதி கேட்டு அவரே வந்தபோது, பரந்தாமன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலம் மாறிவிட்டதை எடுத்துச் சொன்னார். இனிமேல் யாரும் மூச்சைப் பிடித்து ஊத வேண்டாம், பாட்டு காற்றிலேயே வருகிறது என்றார்.

வீராசாமி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "அதுக்கு இன்னாங்க. எங்களுக்கும் காத்துதான் பொழப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் காற்றுதான் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் லோகநாதன். ரேடியோ விஷயத்தில் அவன் அனுபவசாலி. ஒருநாள் அந்தி நேரத்தில் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே ஒலிபெருக்கியில் கச்சேரி கேட்டிருக்கிறான். "பீச்சில கம்பி ஒசரத்துல கட்டியிருந்தாங்க. நம்ம கம்பி குள்ளம்."

நியாயமாகத்தான் பட்டது. ரேடியோவோடு வந்த கம்பியை எடுத்துப் பந்தல் முகப்பில் நின்ற உயர்ந்த மூங்கிலில் கட்டினார்கள். உஸ் கொஞ்சம் பெரிய உஸ் ஆனது. முன்னேற்றம். ஆனால் மாப்பிள்ளையோடு பந்தலும் ஊர்வலம் வரமுடியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எனவே மூங்கிலைப் பந்தலிலிருந்து பிடுங்கிக் காரின் பின்னால் நிறுத்திக் கட்டினார்கள். காரை நகர்த்திப் பார்த்தபோது மூங்கில் மாவிலைத் தோரணத்தில் மாட்டி, தோரணம் முழுவதையும் வாரிக்கொண்டு வந்தது.

பரந்தாமனின் மனைவி தாட்சாயிணி சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாட்டு வந்துதோ இல்லியோ, தோரணம் வந்துட்ச்சி" என்றாள்.

அடுத்த சந்தேகம் கான்வாஸ் கூரைமேல் விழுந்தது. பாட்டு ஆகாயத்திலிருந்து இறங்குகிறது. கூரை குறுக்கே நிற்கிறது. கூரையைக் கழற்றினார்கள். அது மடங்க மறுத்ததால் ஓரிடத்தில் கிழித்துச் சமாதானம் செய்தார்கள். ஆகாயத்திலிருந்து வெயில்தான் இறங்கியது.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தைப் பரந்தாமன் அப்போதுதான் பிரித்தார். ஒரு கம்பியை ஆகாயத்துக்கும் இன்னொரு கம்பியைப் பூமிக்கும் கொடுக்கவேண்டும் என்பதுவரை அவருக்குப் பிடிபட்டது. வீட்டில் வைக்கிற ரேடியோ என்றால் ஈரமண்ணில் புதைத்துவிடலாம். ரப்பர் டயரில் நிற்கிற காருக்குப் பூமி ஏது?

"பூமிய வண்டியில ஏத்திக்கலாம் மாமா" என்றான் லோகநாதன்.

ஈரமண் எங்கே என்று சுற்றிப் பார்த்தார் பரந்தாமன். மணையின் பக்கத்தில், மஞ்சள் பூசிய மண்சட்டிகளில், தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பதமாக வைத்திருந்த புற்றுமண் இருந்தது. அதில் நவதானியம் விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. ஒரு சட்டிதானே. யாருக்குத் தெரியப்போகிறது.

தாட்சாயிணிக்குத் தெரிந்தது.

"ஏங்க, பொண்ணு நல்லா வாழணும்னு தெளிச்ச முளைப்பாலிகைங்க அது. அதுலயா கம்பிய சொருவிகினு கீறீங்க?"

"பாட்டு வந்ததும் எடுத்துடறேன்."

"பாட்டு வர்றதுக்குள்ள பயிறு அறுவடைக்கு வந்துடும்."

பின்சீட்டில், மாப்பிள்ளை உட்காரவேண்டிய இடத்தில், முளைப்பாலிகை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பாட்டு வரவில்லை. காலையிலிருந்து திருகிவைத்த ரேடியோ பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருந்ததால் உஸ்கூட மெலிந்துபோயிற்று. எஞ்சினை ஓட்டினால் பேட்டரிக்குத் தெம்பு வரும் என்று பரந்தாமன் காரை முடுக்கினார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பெட்டிக்குள்ளிருந்து பட், பட், படபட, பட் என்று சத்தம் வந்தது.

"மிருதங்கம்!" என்றான் லோகநாதன்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு வந்தார்கள். பரந்தாமன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். தனி ஆவர்த்தனம் என்று கூட்டத்துக்கு விளக்கினார். பாட்டு இதோ பின்னாலேயே வரும். வித்துவானின் கைவேகத்தை ஒரு பெரியவர் புகழ்ந்தார். சங்கீதம் சரியாகக் கேட்கவில்லை, எஞ்சின் இரைச்சல் இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ குறைப்பட்டுக்கொண்டார்கள். பரந்தாமன் எஞ்சினை நிறுத்தினார்.

மிருதங்க வித்துவானும் நிறுத்திவிட்டார்.

மறுபடி முடுக்கினார். வித்துவான் ஆரம்பித்தார். நிறுத்தினார். வித்துவான் நிறுத்தினார். கூட்டம் திரும்பவும் காய் நறுக்கப் போய்விட்டது.

இனி ஒரே வழி, பெட்டியைத் திறப்பது. பரந்தாமன் திறந்தார். உள்ளே கண்ணாடி வால்வுகள் சின்னச் சின்னக் குமிழ்போல நின்றன. அவற்றைப் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்து, ஊதி, உடைந்துவிடப்போகிறது என்று பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டார். பிறகு பெட்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். அது ஓர் ஊர். தெருக்கள், சந்துகள், குறுக்குச்சந்துகள். எந்த வழியாக உள்ளே போனோம் என்று அவருக்கு மறந்துவிட்டது. காரை முடுக்கிப் பார்த்தால் அதுவும் மறுத்துவிட்டது. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பரந்தாமன் கார்ப் படியில் உட்கார்ந்தார். சபையில் எழுந்து நின்று சொன்ன வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. அதை ஒரு முட்டாள் சொல்லியிருந்தால்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்து, மன்னித்துவிடலாம் என்றே முடிவு செய்தார்.

மாட்டுவண்டி ஓட்டும் வேம்புலியைக் கூப்பிட்டு, ஒரு சைக்கிளைக் கொடுத்து, குத்தம்பாக்கத்துக்கு விரட்டினார். வீராசாமியைக் கையோடு அழைத்து வரவேண்டும்.

"அவரு கோவமா இருந்தா இன்னா சொல்றது நைனா?" என்று கேட்டான் வேம்புலி.

"பரந்தாமனுக்குப் புத்தி வந்துட்ச்சின்னு சொல்லு."

"நம்புவாரா?"

"நீ போடா."

பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். காரைத் தள்ளிக்கொண்டுதான் அங்கே போனார்கள். முளைப்பாலிகையை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்தார். அது பூந்தமல்லிச் சம்பிரதாயம் என்று லோகநாதன் அவரிடம் சொல்லிவைத்தான். மாப்பிள்ளையின் தோழர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். மூங்கிலின் நுனியில் மாவிலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

தசரதன் காரோடு கொஞ்ச தூரம் நடந்தார். காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். பிறகு, "மேளம் எங்க சம்பந்தி?" என்றார்.

"வந்துகினே கீது" என்றார் பரந்தாமன்.

தெரு முழுவதும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மௌனமாக ஊர்வலம் போவது நல்லதில்லை என்று பின்னால் ஒரு கிழவி முணுமுணுத்தாள். பரந்தாமனின் கை அதுவாகவே காரின் ஹாரனுக்குப் போயிற்று. ரப்பர் பந்தை அமுக்கினால் ஊதுகிற பழைய ஹாரன். அந்தக் காரில் பேட்டரி கேட்காத ஒரே வாத்தியம் அதுதான். பாம் என்றது. நன்றாகவே இருந்தது. பாம், பாம் என்று அமுக்கிக்கொண்டே நடந்தார். கேட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டு வாசலில் தாட்சாயிணி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். கார் நின்றது. ஹாரனும் நின்றது. மாப்பிள்ளை ஒரு காலைக் கீழே வைக்கப்போனார். தசரதன் அவருடைய முழங்காலில் கைவைத்துத் தடுத்தார்.

"மேளம் வரட்டும். காத்துகினு கீறோம். நிச்சயத்துல பேசுன பேச்சு."

அவர் சத்தம்கூடப் போடவில்லை. சாமுண்டீஸ்வரி உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பரந்தாமன் அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. வேம்புலி தனியாகத்தான் வந்தான். இறங்கி, மூச்சு வாங்கி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"வீராசாமி எங்கடா?"

"அண்ணாத்தே ஊட்ல இல்ல நைனா. அவரு சம்சாரம்தான் சொல்லிச்சி. மதராஸ் ரேடியோக்காரங்க இன்னிக்கி வந்து வாசிக்கச் சொல்லி முன்னாடியே கூப்ட்டிருந்தாங்களாம். நம்மூட்டுக் கல்யாணம் கீதுன்னு இவரு மாட்டேன்னு சொல்லிகினு இருந்தாராம். நீங்க வேணாம்னதும் சரின்னு போயிட்டாரு. அங்க பகலெல்லாம் ஸ்டேஷன மூடியே வெச்சிருப்பாங்களாமே, வெளக்கு வெச்சாத்தான் தொறப்பாங்களாம். தொறந்ததும் மொதல்ல இவரு நாயனம்தானாம். இந்நேரம் வாசிச்சிகினு இருப்பாரு. ‘ஐயா காருல கேப்பாரு, நல்லா வாசிக்கணும்’னு சொல்லிட்டுப் போனாராம்."

தாட்சாயிணி கையிலிருந்த ஆரத்தியில் சூடம் எரிந்து முடிந்தது. எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள்.

வால்வுகள் பரந்தாமனின் மடியில் இருந்தன.