வாளி மேல் நின்ற அரசாங்கம்

சுமிராவின் வீட்டு வானொலி தெளிவாகப் பாட, அவள் இடது கால் கவிழ்த்த வாளி மேலும், வலது கை வானொலிக் கம்பியிலும் இருக்க வேண்டும். இம்மி நகர்ந்தால் கொர்ர்ர்.

சுரபாயா துறைமுகத்தில் வேலை செய்யும் அவள் புருஷன் கார்யோ போனில் பேசினால் "ம்", "சரி" தவிர வேறு வராது. வானொலியில்தான் அந்த மனுஷனுக்குக் காதல் வரும். வியாழன் மாலை நான்கு மணிக்கு, நேயர் வாழ்த்து நிகழ்ச்சியில் கல்யாண நாள் வாழ்த்து சொல்லப்போகிறான். அதையும் வாளி மேல் நின்றா கேட்பது?

ஒரு முழமும் ஒன்றரைச் சாணுமாகச் செம்புக்கம்பி இரண்டு வெட்டினாள். ஏழு மீட்டர் மூங்கிலின் உச்சியில் குறுக்கே கட்டி, ஒயரால் வானொலியோடு இணைத்து நட்டாள். தும்மல்கூடத் தெளிவாகக் கேட்டது.

மறுநாளே கிராம அலுவலகச் செயலாளர் தார்சோனோ அளவுநாடாவோடு வந்துவிட்டார். அந்த ஊரில் அம்மாவுக்கு 'பு', ஐயாவுக்கு 'பாக்'.

"பு சுமிரா, எங்க ஆபீஸ் கொடிக்கம்பம் ஆறு மீட்டர். உங்க மூங்கில் ஏழு. அரசாங்கத்துக்கு மேல ஒரு மீட்டர் நிக்கிறீங்க."

"பக்கத்துல தென்னை இருபது மீட்டர் நிக்குதே, பாக்?"

"அது தானா முளைச்சது. நீங்க யோசிச்சு நட்டிருக்கீங்க. படிவம் பூர்த்தி பண்ணுங்க."

படிவத்தில் மூன்றே இனம்: வீடு, ஆட்டுக்கொட்டகை, கொடிக்கம்பம்.

"ஆன்டெனா இல்லையே, பாக்?"

"படிவத்துல இல்லாதது ஊர்லயும் இருக்க முடியாது."

ஆடு இல்லாத குறைக்கு, கொடிக்கம்பம் என்று எழுதினாள். முத்திரை விழுந்தது. அரசாங்கத்தை மிஞ்சாதபடி, மூங்கிலின் உச்சியில் ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகவே வெட்டப்பட்டது. ஆகஸ்ட் மாதம், கொடி கட்டாயம். கொடிக்கம்பத்தில் செம்புக்கம்பி அந்நியப் பொருளாம். அதையும் மரியாதையோடு கழற்றி அவள் கையில் கொடுத்தார். முத்திரை வாங்கிய கம்பமாயிற்றே என்று, தெருவில் வீட்டுக்கு ஒன்று முளைத்தது. வானொலி மட்டும் எங்கும் பாடவில்லை.

வியாழன் வந்தது, மணி நான்காகப் போனது. சுமிரா வாளியைக் கவிழ்த்தபோது தார்சோனோ மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நாலரைக்கு வட்டாரத் தலைவர் வானொலியில பேசறார். எங்க ஆபீஸ் பெட்டி கொர்ருங்குது. உங்க வீட்ல மட்டும் எப்படியோ கேக்குதாமே!"

சுமிரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேக்கும் பாக். ஆனா வாளி மேல நின்னு கம்பியப் பிடிக்கற ஆள் கொஞ்சம் உயரமா, பதவியில இருக்கறவரா இருந்தா இன்னும் நல்லா கேக்கும்."

செயலாளருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாளி மேல் ஏறினார். கம்பியைப் பிடித்தார்.

"அசையாதீங்க பாக்!"

"சுமி, என் தங்கமே..." என்றான் கார்யோ வானொலியில், துல்லியமாக. சுமிரா பாயில் காலை நீட்டி, தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி கடைசிச் சொல் வரை கேட்டாள். தங்கம் வந்த இடத்திலெல்லாம் தார்சோனோவின் காது சிவந்தது, கை அசையவில்லை.

வேலிக்கு வெளியே கூட்டம் கூடியிருந்தது. அரசாங்கமே வாளி மேல் நிற்கிறது என்றால் சும்மாவா? மறுவாரம் சந்தையில் வாளி கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் கம்பியும் கையுமாக நின்றார்கள். படிவத்திலும் நான்காவதாக ஓர் இனம் சேர்ந்தது: வாளி மேல் நிற்பவர்.

எல்லோரும் விண்ணப்பித்துவிட்டார்கள். ஒருவருக்கும் இன்னும் அனுமதி வரவில்லை. முத்திரை குத்த வேண்டியவர் ஆபீஸ் வாளியிலிருந்து இறங்கினால்தானே!