பாலைவனத்தில் ஒரு நிரை

நிரையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையால் டுபாய் பாலைவனத்தில் ஒரு ஏசி பஸ்ஸையும் அதற்குள் இருந்த நாற்பது பேரையும் காக்க வைத்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நிரை என்பது (தேயிலைத் தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்) கொழுந்து பறிக்க ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுக்கிற செடி வரிசை. ஒழுங்காக வேலையை முடித்தால் அன்றைக்கு முழுப்பேர் போடுவார்கள். குறை வைத்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலைதான் கணக்கு. நான் இலங்கை மலைநாட்டில், மடுல்சீமையில் முப்பத்தாறு வருடம் கூடை சுமந்தவள். என் பெயரை எழுத இன்றைக்கும் எழுத்துக்கூட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயர் ஒரு நாளும் அரையாக விழுந்ததில்லை.

என் மகன் சிவா டுபாயில் வேலை செய்கிறான். பேரப்பிள்ளை பிறந்ததும் என்னையும், மருமகளின் தாயார் புவனேஸ்வரி டீச்சரையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டான். டீச்சர் பதுளை டவுனில் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சேலை, கலையாத கொண்டை, கலையாத முகம். கலியாண வீட்டில் அவர் யாரிடமோ, "லயத்துப் பழக்கம் எங்க போயிடும்" என்று மெதுவாகச் சொன்னது பந்தலின் இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது. (லயம் என்பது தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடு.) அதற்குப் பிறகு மூன்று வருடமாக நான் அவருக்கு "சிவாவோட அம்மா"தான். வாய் தவறிக்கூட சம்பந்தி என்று ஒரு தரம் சொன்னதில்லை. சொல்ல வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று மனதுக்குள் சபதம் போட்டுத்தான் நான் விமானம் ஏறினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சிவா எங்கள் இருவரையும் பாலைவனம் சுற்றிக் காட்டுகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

"அம்மா, டீச்சரம்மா பக்கத்துலயே இருங்க. எதையும் தொடாதீங்க."

"நான் என்னடா தொடப்போறேன், மண்ணையா?"

உண்மையில் அங்கே மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. மலை மலையாக மணல். ஒரு புல் கிடையாது. இவ்வளவு நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுபோன கம்பளிச் சுவெட்டரைப் போட்டிருந்தேன். (சிரிக்க வேண்டாம், அந்த பஸ்ஸுக்குள் மடுல்சீமையை விடக் குளிர்.) டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவெட்டருக்கும் தமக்கும் சம்பந்தம் இல்லை என்று காட்டுவதற்காக இருக்கும்.

மத்தியானம் ஒரு கூடார ஹோட்டலில் சாப்பாடு. சாப்பிட்டு வெளியே வந்தேன். டீச்சர் கைகழுவப் போயிருந்தார். வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் வேலிக்கு வைத்த செடிகள். இடுப்பளவு உயரம், பளபளப்பான இலை. அடியில் ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்துத்தான் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் துளிர் முழுக்க கண்டபடி நீண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று பரட்டைத் தலையாக நின்றது. இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போக என்னால் முடியவில்லை.

ஒரு துளிரைத்தான் கிள்ளினேன். சத்தியமாக ஒன்றே ஒன்று. மீதியை என் கை கிள்ளியது.

இரண்டு கையும் நிறைந்ததும் பழக்க தோஷத்தில் தோளுக்கு மேலே பின்னால் வீசினேன். முதுகில் கூடை இல்லை என்பது கைக்கு எப்படித் தெரியும்? நான் முன்னே போகப் போக எனக்குப் பின்னால் பாதை முழுக்க இலை. பஸ் ஹாரன் அடித்தது. எடை போடக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. கையை இன்னும் வேகமாக ஓட்டினேன்.

டீச்சர் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சிவாவோட அம்மா, என்ன பண்றீங்க?"

"கொழுந்து முத்திப் போச்சுங்க டீச்சரம்மா."

"இது தேயிலை இல்லைங்க."

"தெரியும்ங்க. மோந்து பாத்துட்டுத்தான் கை வச்சேன்."

"எல்லாரும் ஏறியாச்சு. நமக்காகத்தான் பஸ் நிக்குது. வாங்க."

"இன்னும் ஒம்பது செடி. பாதியில எறங்குனா அரைப்பேர்தான் போடுவாங்க."

"யாரு போடுவாங்க?"

ஒன்பது செடியையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

நிமிர்ந்த பிறகுதான் உலகம் தெரிந்தது. பஸ் ஜன்னல் முழுக்க முகம், முகத்துக்கு முன்னால் போன். ஹோட்டல் காவல்காரர் கத்திக்கொண்டே வருகிறார். டீச்சருடைய கொண்டை கலைந்திருந்தது. போலீஸ் வந்தாலும் பரவாயில்லை. லயத்துப் பழக்கம் எங்கே போகும் என்று இவர் சொன்னதை நானே, அதுவும் வெளிநாட்டில், சாட்சியோடு நிரூபித்துவிட்டேனே.

காவல்காரருக்குப் பின்னால் அந்த இடத்து மேலாளர் வந்தார், எங்கள் பேச்சில் துரை. வெள்ளை அங்கி, கையில் ஒரு பிரம்பு. தரையில் கிடந்த இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடி, செடி வரிசையை நீளத்துக்கும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் துரைமார் மட்டம் பார்க்கிற பார்வை. பிரம்பைச் செடிகளின் தலையில் படுக்க வைத்தார். பாய் விரித்த மாதிரி இருந்த மட்டத்தில் பிரம்பு ஆடாமல் கிடந்தது.

அவர் டீச்சரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். என்னைக் காட்டித்தான் கேட்டார்.

என்னை யாரென்றே தெரியாது என்று டீச்சர் சொல்லியிருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கொண்டையைச் சரிசெய்து, வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, நீளமாக இங்கிலீஷ் பேசினார். அவ்வளவு இங்கிலீஷிலும் எனக்கு ஒரே ஒரு சொல்தான் விளங்கியது.

சம்பந்தி.

துரைக்கு அது விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். டீச்சர் என் கையைப் பிடித்து, தம் கையோடு சேர்த்துக் காட்டி விளக்கினார்.

"என்னங்க கேக்குறாரு?" என்றேன்.

"அந்தப் பக்கத்து வரிசையையும் இதே மாதிரி செஞ்சு தருவீங்களான்னு கேக்குறாரு. மிஷின் வச்சு வெட்டி வெட்டிப் பாத்தும் இப்படி வரலையாம்."

"முழுப்பேர் போடுவாரான்னு கேளுங்க."

டீச்சர் அதையும் இங்கிலீஷில் கேட்டார். துரை நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். பாலைவனத்தைப் பார்க்க வந்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் படம் பிடித்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் தானும் ஒரு கை பார்க்கிறேன் என்று முற்றின இலையைப் பிடுங்கினாள். புறங்கையில் ஒன்று போட்டேன். (மெதுவாகத்தான்.) கடைசிச் செடிகளுக்கு வந்தபோது பக்கத்தில் இன்னொரு கை தெரிந்தது. டீச்சர். நகத்தால் பிய்த்துப் பிய்த்து, ஒரு துளிருக்கு ஒரு நிமிடம்.

"சரியா வருதா சம்பந்தி?" என்று கேட்டார்.

"பரவாயில்லீங்க. அரைப்பேர் போடலாம்."

திரும்பி வரும்போது, அத்தனை இங்கிலீஷுக்கு நடுவே எதற்குத் தமிழ் என்று கேட்டேன். "அதுக்கு அவங்க பாஷையில சரியான வார்த்தை இல்ல" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இன்றைக்கும் சிவா வீட்டில் யாராவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் மருமகள் "அரைப்பேர்" என்பாள். ஊர் திரும்பிய பிறகு, பதுளைக்குப் போகும்போதெல்லாம் டீச்சர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அவர் இந்தக் கதையைச் சொல்லுவார். அவர் கதையில் அந்த இரண்டாவது வரிசையில் பாதியைப் பறித்தவர் அவர்தான்.

நான் மறுத்துப் பேசுவதில்லை. அரைப்பேர் போட்டவள் நான்தானே.