சுண்டைக்காய்க் கதைகள் விற்றுத் தீர்ந்த வரலாறு

உலக இலக்கிய வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்தை ஒருமுறை பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். வெண்பூசணிக் கடைக்கும் பொரிக் கடைக்கும் நடுவில், ஆயுத பூசை விடுமுறையில், ஒரு தமிழ்க் கதைத் தொகுதியின் முதல் பதிப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்த இடம் அது. யாரும் பேரம்கூடப் பேசவில்லை. பூசணிக்காய்க்குப் பேசினார்கள்.

தொகுதியின் பெயர் 'சுண்டைக்காய்க் கதைகள்'. எழுதியவர் மதியழகன், லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவர். ஒவ்வொரு கதையும் நாலே வரி. அச்சுப்பிழை திருத்தியதும் அவர்தான், வெளியிட்டதும் அவர்தான், மூட்டையாகக் கட்டி வீட்டுக்குச் சுமந்து வந்ததும் அவர்தான். இப்படி எல்லாவற்றையும் ஒருவரே செய்து ஒருவரே நட்டப்படுவதற்குச் 'சுயாதீன எழுத்தாளர்' என்று பெயர். அவருடைய விளம்பரச் செயலாளர் நான். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் தீர்மானம் எழுதி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு தீர்மானம் போடுவதற்கு ஆள் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில் மதியழகன் அகப்பட்டார்.

முதலில் நவீன முறைகளையெல்லாம் கையாண்டோம். வாட்ஸப் குழு ஒன்று தொடங்கினோம். அறிவிப்பைப் பார்த்த அத்தனை பேரும் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். பிறகு மதியழகன் தோட்டத்தில் நின்று ஒரு கதையைச் சொல்ல, அதை ரீல்ஸாக எடுத்துப் போட்டோம். அது பல ஊர்களுக்குப் போனது. அவருக்குப் பின்னால் நின்ற எருமை என்ன விலைக்கு வரும் என்று எடப்பாடியிலிருந்துகூடக் கேட்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் மதியழகனின் மனைவி உஷாராணி ஒரு நிபந்தனை போட்டார். மதியழகன் இரண்டாவது தொகுதியையும் எழுதி முடித்து வைத்திருந்தார். அதை அச்சுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் வீட்டில் பேச்சு.

"வெளியாளு ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, நீங்க எழுதுன கதைல ஒண்ணயச் சொல்லட்டுமுங்க. ரெண்டாவது புஸ்தகத்துக்கு நானே முன்னால நின்னு வேல பாக்கறேன். இல்லீன்னா இத்தோட உட்டுருங்க. விஜயதசமி வரைக்கும் பாப்போம்."

நியாயமான நிபந்தனைதான். மதியழகன் சரி என்றார். சொல்லிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

உடனே அவசரச் செயற்குழுவைக் கூட்டினேன். வந்திருந்தவர்கள் நானும் அவரும். 'விடுமுறை நாட்களில் பொதுமக்கள் வேறு வேலையின்றி இருப்பதாலும், வேறு வேலையில்லாதவர்களே இலக்கியம் படிக்கக்கூடியவர்கள் என்பதாலும், ஆயுத பூசைச் சந்தையில் கடை விரிப்பது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கடை விரித்த அன்று காலையில் வாழைக்கன்று வாங்க வந்த லாரி முதலாளி மணியன் எங்கள் மேசைமுன் நின்றார். ஒரு பிரதியை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார். இது நிஜமாகவே புத்தகம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றோம். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவர் ஆபீசில் இப்போது எல்லாமே செல்போனில் நடக்கிறதாம். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் சிலேட்டு மாதிரி ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டார்களாம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட வீட்டில் காகிதம் என்று ஒன்றே இல்லை. போன வருடம் மிக்சி வாங்கியபோது வந்த விளக்கக் குறிப்பை வைத்துச் சமாளித்திருக்கிறார்.

மதியழகன் பக்கத்தைப் பிரித்து, கதை சின்னதுதான், நின்றபடியே ஒன்றைப் படித்துவிடலாம் என்று நீட்டினார். மணியன் பதறிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கி மூடினார்.

"என்ன தம்பி நீங்க. பூசைக்கு வெக்கறதப் பிரிக்கலாமுங்களா?"

அவர் தனக்கு ஒன்றும், தம்பிமார் வீடுகளுக்கு ஆளுக்கொன்றும் வாங்கிக்கொண்டு போனார். விஷயம் பரவிவிட்டது. கூட்டம் நெருக்கியது. இ-சேவை மையம் நடத்தும் தனப்பிரியா என்ற பெண் வந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைக்க இன்னும் கொஞ்சம் தடியாகக் கிடைக்குமா என்று கேட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர் வண்டிக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றும் எடுத்தார். சிவப்பு அட்டை இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. கதையைப் பற்றிக் கேட்டவர் எவருமில்லை. வாசகர்களுக்கு எழுத்தாளன்மேல் இவ்வளவு நம்பிக்கை இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த இடத்தில் என்னுடைய பங்களிப்பையும் பதிவு செய்ய வேண்டும். காற்றில் அட்டை திறந்துகொள்கிறது, பூசையில் வைத்த பிறகு இப்படித் திறந்தால் ஆகாது என்று ஓர் அம்மாள் குறைபட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் சேவையில் நான் கண்டிப்பானவன். ஒவ்வொரு பிரதிக்கும் நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, மஞ்சள் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, 'பூசைக்குத் தயார் நிலைப் பதிப்பு' என்று அறிவித்தேன். கயிறு கட்ட வேண்டாமே அண்ணா என்று மதியழகன் முனகினார். விற்பனை விஷயத்தில் ஆசிரியர் தலையிடக் கூடாது என்று அங்கேயே ஒரு தீர்மானம் போட்டு அவரை உட்கார வைத்தேன்.

கடைசிப் பிரதியும் போன பிறகு அவர் முகம் தெளிந்துவிட்டது. விஜயதசமி காலையில் மறுபூசை முடிந்ததும் புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படித்தால்தான் படிப்பு விளங்கும் என்பது ஊர் வழக்கம். அவர் கதையோ சரியாக நாலு வரி.

"அப்படீன்னா எல்லாருமே ஒரு கத படிச்சிருவாங்கண்ணா" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கே ஒரு நிமிடம் பயமாகிவிட்டது.

விஜயதசமியன்று குளித்து வேட்டி கட்டி, வாசகர்களைச் சந்திக்க இருவரும் என் வண்டியில் கிளம்பினோம். முதலில் மணியன் வீடு. அவர் காப்பி கொடுத்து, வாயாரப் புகழ்ந்தார். இப்படிப்பட்ட புத்தகம் ஊருக்குத் தேவை என்றார். படித்தீர்களா என்று மதியழகன் கேட்டார்.

"கயிறு கட்டியிருந்துச்சுங்களே. சாமிக்குக் கட்டுன கயித்த அறுக்கக் கூடாதுன்னு ஊட்டுல சொல்லிப்போட்டாங்க."

மதியழகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

ரிக் வண்டிக்காரர் வீட்டில் கேட்டோம். வண்டி அதிகாலையிலேயே மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பிவிட்டதாம், புத்தகம் டிரைவர் சீட்டுக்கு மேலே கட்டியிருக்கிறதாம், வீட்டுப் பிரதி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறதாம். அகில இந்திய விநியோகம் என்று குறித்துக்கொண்டேன். தனப்பிரியா மட்டும் கயிற்றை அறுத்திருந்தார். குடும்பத்தோடு உட்கார்ந்து நாலு வரி சத்தமாகப் படித்ததாகச் சொன்னார். மதியழகன் கிட்டத்தட்ட எழுந்தே நின்றுவிட்டார். எந்த நாலு வரி என்று கேட்டோம்.

"மொதப் பக்கந்தானுங்க. 'இந்நூலின் எந்தப் பகுதியையும் ஆசிரியரின் அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது'ன்னு போட்டிருந்துச்சு. நமக்கெதுக்கு வம்புன்னு கண்ணுல ஒத்திக்கிட்டு மூடி வெச்சுட்டோமுங்க."

அதற்குமேல் வீடு வீடாகப் போகும் தெம்பு அவருக்கு இல்லை. திரும்பும் வழியில் மணியன் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். அடுத்த வருடத்துக்கு லாரி முதலாளிகள் எல்லோருமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"உள்ள அச்சடிக்கறத உட்டுட்டீங்கன்னா வெல கொஞ்சம் கொறையுமுங்களா?"

மதியழகன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வீட்டுக்குப் போனோம். உஷாராணி எங்களை நிற்க வைத்து ஒன்றும் கேட்கவில்லை. கணவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டுவிட்டார். போட்டது அவர் நிபந்தனைதான். ஆனால் ஜெயித்த சந்தோஷம் அவரிடம் துளியும் இல்லை. தண்ணீர்ச் சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, நீங்க வெளியாளுதானுங்களே. நீங்க ஒண்ணயச் சொன்னாலும் செல்லுமுங்க."

எனக்குத் தண்ணீர் புரையேறியது. எல்லாக் கதைகளும் காலத்தால் அழியாதவை, அதில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்வது மற்றவற்றுக்குச் செய்யும் துரோகம் என்றேன். அவர் விடவில்லை. எப்படியாவது என்னை ஜெயிக்க வைத்துவிட வேண்டும் என்பது போல, பாதிக் கதையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"பொண்ணுப் பாக்க வந்தவிய, மாப்பளையப் புடிச்சிருக்குதான்னு கேக்கறாங்க. மாட்டுக்குத் தவுடு வெச்சுட்டு வந்து சொல்றேன்னுட்டு எந்திரிச்சுப் போறாளே, அந்தப் புள்ள. அப்பறம் என்னாச்சு? அத மட்டும் சொல்லுங்க போதும்."

மதியழகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் என்ற முறையில் நான் தயங்கக் கூடாது.

"சம்மதிச்சுட்டா அம்மணி. நல்லபடியாக் கலியாணம் ஆயிருச்சு."

உஷாராணி தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்ணா. மாடு இன்னும் தின்னுக்கிட்டே இருக்குது. அவ்வளவுதானுங்க கத."

மதியழகன் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டாவது தொகுதியின் கையெழுத்துப் பிரதியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு வந்து, மணியன் கேட்டதற்குச் சரி என்று சொல்லிவிடச் சொன்னார்.

ஆகவே அடுத்த ஆயுத பூசைக்கு, எழுத்துகளால் கறைபடாத முந்நூறு பக்கப் புத்தகம் சிவப்பு அட்டையில் வெளிவருகிறது. முன்பதிவு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு அணிந்துரை எழுதும் பொறுப்பை நானே ஏற்று, எழுதியும் முடித்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் நான் படிக்காமல் அணிந்துரை எழுதிய புத்தகங்கள் எத்தனையோ. அவற்றில் நான் பொய் சொல்லாதது இந்த ஒன்றில்தான்.