முகமிலிகளுக்கும் மின்சாரம் போகும்

முகமிலி என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. வயது பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில். வீட்டில் உம்மா “சாப்பிட்டயா மனே” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டும். கைபேசிக்குள் நுழைந்துவிட்டாலோ, பெயர் தெரியாத நானூறு பேருக்கு முன்னால் நெஞ்சைக் கழற்றி மேசைமேல் வைத்து, இந்த இடத்தில்தான் வலிக்கிறது என்று விரல்விட்டுக் காட்டும். அந்தக் குழுமங்களுக்கு இரண்டே விதிகள்தான். உண்மைப் பெயரைச் சொல்லக்கூடாது. மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். முதல் விதியை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

காத்தான்குடி ஷாமிலை எடுத்துக்கொள்வோம். உயர்தர வகுப்பு மாணவன். நூலகத்தில் ஒரு தத்துவப் புத்தகத்தைப் பதினொரு பக்கம் படித்து, பன்னிரண்டாம் பக்கத்தில் தூங்கி, மனிதன் அடிப்படையில் தனியன் என்ற முடிவோடு எழும்பியவன். வீட்டில் ஏழு பேருக்கு ஒரே குளியலறை. தனிமைக்கு அங்கே வரிசையில்தான் நிற்க வேண்டும். குழுமத்தில் அவன் பெயர் ‘சூனியன்’. வசிப்பிடம் கனடா. காத்தான்குடியில் இருந்துகொண்டு யாராவது சூனியனாக இருக்க முடியுமா?

ஆனால் அவனிடம் ஓர் இரகசியம் உண்மையாகவே இருந்தது. அடுத்த வீட்டு அஸ்பாக், நடை பழகிய நாளிலிருந்து கூட்டாளி, பாடசாலை மேடையில் பேச்சை மறந்து விழித்துக்கொண்டு நின்றபோது, மண்டபத்தில் முதலில் சிரித்தவன் ஷாமில். சிரித்தது ஒரு கணம். அஸ்பாக் அவனோடு பேசாமல் விட்டு இரண்டு மாதம். மன்னிப்புக் கேட்பதற்குக் குறுக்கே நின்றது நெஞ்சளவு உயரமான ஒரு மதில் மட்டும்தான். ஷாமில் மதிலைத் தாண்டவில்லை. கடலைத் தாண்டினான்.

கனடாக்காரன் காத்தான்குடி மேடையைப் பற்றி எப்படி எழுதுவான்? ஆகவே தன் நண்பன் பனியில் வழுக்கி விழுந்தான் என்றும், அதைப் பார்த்துத் தான் சிரித்துவிட்டதாகவும், அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்பதாகவும் எழுதினான். நாற்பது பேர் அழுமுகம் போட்டுவிட்டு அடுத்தவருடைய துயரத்துக்குப் போனார்கள். கட்டாரிலிருந்து ‘ஒட்டகம்’ என்பவன் மட்டும் தினமும் விசாரித்தான். விழுந்தது நோவில்லை, சிரித்தது யார் என்பதுதான் நோவு என்று அவன் ஒருநாள் எழுதியதை ஷாமில் மூன்று தரம் படித்தான். தன்னைப் புரிந்துகொண்ட ஒரே சீவன் பாலைவனத்தில் இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டான்.

ஒருநாள் பின்னேரம் நாலு மணிக்கு ஷாமிலின் அறையில் மின்விசிறி நின்றது. அதே நேரம் கட்டாரிலிருந்து ஒரு செய்தி வந்தது.

“சீ, கரண்ட் போயித்து. அடுத்த ஊட்டயும் இல்லயா எண்டு கேக்க உம்மா மதிலடிக்குப் போறா.”

“இஞ்சயும் போயித்து” என்று சூனியன் யோசிக்காமல் எழுதினான். இலண்டனில் ஒருத்திக்கும் போயிருந்தது. அவுஸ்திரேலியாவிலும் போயிருந்தது.

பிறகுதான் குழுமத்துக்கு உறைத்தது. செய்திகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அவுஸ்திரேலியாக்காரர் மட்டும், தங்கள் நாட்டில் இப்போதெல்லாம் மின்வெட்டு அதிகம் என்று விளக்கம் எழுதினார்.

அப்போது மதிலுக்கு அப்பாலிருந்து அஸ்பாக்கின் உம்மா கேட்டார்: “நஸீறா, உங்களுக்கும் கரண்ட் இல்லயா?”

நஸீறா ஷாமிலின் உம்மா.

ஷாமில் வெளியே வந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம், கையில் கைபேசியோடு, ஒட்டகம் நின்றுகொண்டிருந்தது.

“கனடாவில சரியான பனியாமே” என்றான் அஸ்பாக்.

நாடகமாக இருந்தால் இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். முகமிலிக்கோ முகம் வந்தவுடன் நாக்கு போய்விடும். நானூறு பேருக்குத் தடையில்லாமல் எழுதிய மன்னிப்பு, ஷாமிலின் வாய்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

“கரண்ட் எப்ப வருமோ தெரியா” என்றான்.

“தெரியா” என்றான் அஸ்பாக்.

வந்தது. இருவரும் பெரிய ஆபத்திலிருந்து தப்பியவர்களைப்போல் ஆளுக்கொரு வீட்டுக்குள் ஓடினார்கள்.

ஷாமில் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தபோது, கட்டாரிலிருந்து தனிச்செய்தி ஒன்று காத்திருந்தது.

“பனியில விழுந்தவனுக்கு இப்ப நோவு குறைவாம்.”

 ஷாமில் எழுதினான்: “சிரிச்சவன் வெக்கப்பட்டுட்டு இரிக்கான் எண்டு அவனுக்கிட்டச் சொல்லு. மன்னிக்கச் சொல்லு.”

“சொல்றன். பக்கத்திலதான் இரிக்கான்.”

வாசகரே, நீங்கள் சிரிக்கலாம். உங்கள் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. புனைபெயர், பொய்யூர் எதுவும் உங்களுக்குக் கிடையாது. ஆனாலும் இதைப் படிக்கையில், நீங்கள் பேசாமல் விட்ட ஒருவரின் முகம் நினைவில் வந்து, அவரை அழைப்பதற்குப் பதிலாக, “நல்ல கட்டுரை” என்று இதை வேறு யாருக்கோ அனுப்பிவிடலாம் என்று விரல் துடிக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். எங்கள் குழுமத்தில் இன்னும் இடமிருக்கிறது. வரும்போது ஓர் ஊரை மட்டும் தெரிவுசெய்துகொண்டு வாருங்கள்.