செனெத் என்றால் என்ன?

பெண் பார்க்கப் போகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. அதை அடைத்து வைக்கத்தான் தட்டில் முந்திரிக்கொத்து தருகிறார்கள். எனக்கு அப்போது இது தெரிந்திருக்கவில்லை.

எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். நான் நாகர்கோவிலில் பள்ளி வாத்தியார். நெய்யூரில் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது எடைக்குப் போட்ட புத்தகங்களில், பழைய எகிப்து மொழியின் இலக்கணம் ஒன்று என் கையில் சிக்கியது. அன்று பிடித்த பைத்தியம். பருந்து, பாம்பு, ஆந்தை என்று சித்திர எழுத்தாக வரைந்து தள்ளினேன். (மந்திரவாதம் படிக்கிறேன் என்று நினைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாயத்து கேட்டு வருவார்கள்.)

பூதப்பாண்டிக்குப் பெரியப்பாவோடு பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் பகவதி. காப்பியை வைத்துவிட்டு என்னை நேராக ஒரு பார்வை பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பெரியப்பா சும்மா இருக்கவில்லை. பயல் எகிப்து எழுத்தெல்லாம் வாசிப்பான் என்று பெருமையடித்தார். பெண்ணின் தாய்மாமன் ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காகிதம் வாங்கி அம்புமுனை, நீரலை, ரொட்டி, உட்கார்ந்திருக்கும் பெண் என்று வரைந்து, முதல் சொல்லை "செனெத்" என்று கணீரென வாசித்தேன். மூவாயிரம் வருஷத்துக் காதல் பாட்டில் காதலியைக் கூப்பிடும் சொல் என்று விளக்கமும் கொடுத்தேன்.

மாமன் அர்த்தம் கேட்டார்.

"தங்கச்சி" என்றேன். (அக்கா என்றும் சொல்லலாம். நல்லவேளை, சொல்லவில்லை.)

பெண்ணின் அம்மா பகவதியை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மாமன் பெரியப்பாவைப் பார்த்தார்.

"தங்கச்சின்னு சபையில சொல்லியாச்சு. இனி எந்த முறையில தாலி கெட்டுவான் வே?"

அங்கே அது செல்லப்பேச்சு, கூடப் பிறந்தவள் இல்லை என்று திக்கித் திணறினேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பகவதி கேட்டாள். "அந்தப் பாட்டுல பொம்பள ஆம்பளைய எப்பிடிக் கூப்பிடுவாளாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை.

"அண்ணன்."

உள்ளே அவள் சிரித்தாள். அம்மா அதட்டியும் நிற்கவில்லை. பிறகு அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

"எகிப்து முறை எகிப்துல இருக்கட்டும் மாமா," என்றாள் பகவதி. "தாலி இங்கதானே கெட்டப் போறாவ?"

கல்யாணம் நடந்தது. எழுத்தையும் கற்றுக்கொண்டாள். ஆந்தை முகம் என்னைவிட அவளுக்குத்தான் நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் நான் அண்ணாச்சி.

மகள் கல்யாணம் முடிந்து மருமகன் முதல் தடவை விருந்துக்கு வந்திருந்தார். அடுக்களையிலிருந்து, "அண்ணாச்சி, சோறு ஆறுது" என்று பகவதி கூப்பிட, நான் எழுந்து போனேன். மருமகன் இலையில் கை வைக்கவில்லை. மகளைத் தனியே கூப்பிட்டு, உங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்.

"அண்ணன் தங்கச்சி" என்றாளாம் என் மகள்.