பச்சைக்கொடி காட்டிய கார்ட் மாமா

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே மூத்திரத்துக்குப் பச்சைக்கொடி காட்டிய ஒரே மனிதர் எங்கள் கார்ட் மாமாதான். வேறு யாராவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். நான் நம்பமாட்டேன்.

ரயில் கார்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுன்னாகத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலையை விட்டாரே தவிர விசிலையும் கொடியையும் விடவில்லை. சந்தைக்குப் புறப்பட்டாலும் ஒருதரம் ஊதிவிட்டுத்தான் படலையைத் திறப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. படுக்கையை நனைப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. அம்மா ஏசிப் பார்த்தார், கோயிலில் நூல் கட்டிப் பார்த்தார், பரியாரியார் சொன்னபடி எள்ளுருண்டை தந்து பார்த்தார். எள்ளுருண்டை நல்ல ருசி. பாய் மட்டும் நனைந்தபடியே இருந்தது. ஆவணியில் கொழும்புத்துறையில் பெரியம்மா வீட்டுக் கலியாணம். ஒன்றுவிட்ட அக்காமார் எல்லாரும் விறாந்தையில் வரிசையாகப் படுப்பார்கள். அங்கே நனைத்தால் என் கதை முடிந்தது.

ஒருநாள் அம்மா ஈர்க்கை எடுக்க, வேலிக்கு மேலால் மாமாவின் தலை தெரிந்தது.

"பிள்ளைக்கு ஏன் தங்கச்சி அடிக்கிறாய்? லேற்றாய் வாற றெயினுக்கு அடிச்சால் வேகமாய் வருமே?"

"அப்ப என்னண்ணை செய்யச் சொல்லுறியள்?"

"ஸ்ரேசன் வைக்கவேணும். ஸ்ரேசன் இல்லாட்டில் வண்டி கண்ட இடத்திலைதான் நிக்கும்."

மறுநாளே பயிற்சி தொடங்கியது. பட்டப்பகலில் முற்றத்தில் பாய் விரித்து, நான் உறங்குவதுபோல் கிடக்கவேண்டும். விசில் கேட்டதும் எழும்பி வேலிக்கரைக்கு ஓடவேண்டும். "இணுவில்!" என்று சுன்னாகத்துக்கு அடுத்த ஸ்ரேசன் பேரைக் கத்துவார். திரும்பி வந்தால் பச்சைக்கொடி, மறுபடி படுக்கவேண்டும். அடுத்த விசிலுக்குக் "கோண்டாவில்!" பகலில் நான் வலு கெட்டிக்காரி.

இரவில் வேலிப் பொட்டுக்குள்ளால் விசில் ஊதினார். அப்பா எழும்பினார். அம்மா எழும்பினார். முன்வீட்டு வாத்தியார் எழும்பினார். நாய்கூட எழும்பிக் காலைத் தூக்கியது. ஒழுங்கைச் சனம் முழுவதும் வேலிக்கரைக்குப் போய்வந்து படுத்தது. நான் ஒருத்திதான் அசையவில்லை.

விடிந்ததும் வாத்தியார் சண்டைக்கு வந்துவிட்டார்.

"ஓய் கார்ட்! எனக்கென்ன பாய் நனைக்கிற வருத்தமோ? என்னை ஏன் எழுப்பிறீர்?"

"ராத்திரி உம்மடை பாய் நனையேல்லைத்தானே? பாத்தீரே, வைத்தியம் பலிக்குது!"

கலியாணம் வந்தது. மாமாவுக்கும் சொல்லியிருந்தார்கள். கலியாணச் சாப்பாடு என்றால் முதல்நாளே பட்டினி கிடந்து வயிற்றில் இடம் பிடிக்கிற மனிதர். விசிலை மட்டும் அம்மா கொண்டுவர விடவில்லை.

கலியாணத்தன்று விடியப்புறம் கண்விழித்தேன். பாய் நனைந்திருந்தது. இரண்டு பக்கமும் அக்காமார் நல்ல உறக்கம். ஐயோ, செத்துப்போகலாம் போலிருந்தது.

வேலைப் பழக்கத்தில் எல்லாருக்கும் முந்தி எழும்பிக் கிணற்றடிக்குப் போன மாமா, விறைத்துப்போய் இருந்த என்னைக் கண்டார். நனைந்த பாயையும் கண்டார். இரண்டு கையிலும் வாளியோடு வந்தார்.

"நெருப்பு! நெருப்பு! பந்தல் பத்தி எரியுது!"

ஒரு வாளித் தண்ணீர் விறாந்தையின் இந்த அந்தத்துக்கு. மற்ற வாளி அந்த அந்தத்துக்கு. அக்காமார் குழறிக்கொண்டு ஓடினார்கள். சமையல்காரர் அகப்பையோடு ஓடிவந்தார். பந்தலைச் சுற்றித் தேடினால் ஒரு பொறிகூட இல்லை.

பெரியம்மா பேயாட்டம் ஆடினார்.

"கலியாண வீட்டிலை நெருப்பெண்டு கத்திற வாயும் ஒரு வாயோ! விசர்க் கிழவன்! இனி இந்தாள் என்ரை படலைக்குள்ளை கால் வைக்கக்கூடாது!"

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டார். போகிற போக்கில் என் பக்கம் குனிந்தார்.

"எல்லாற்றை பாயும் ஈரம், பிள்ளை. இனி ஆர் கண்டுபிடிக்கிறது?"

ஒரு வாய் சோறு தின்னாமல் போனார் அந்த மனிதர்.

அடுத்த வருடம் எனக்கு அது தானாகவே நின்றுவிட்டது. "எல்லாம் ஸ்ரேசன் வைச்ச வைத்தியம்" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

என்னுடைய கலியாணத்தில் முதற் பந்தியின் முதல் இலை அவருக்குத்தான். கூறைச் சேலையோடு எழும்பிப் போய் நானே சோறு போட்டேன். மாமியாருக்கு முகம் கறுத்தது. கறுக்கட்டும்.

"வடிவாய்ச் சாப்பிடுங்கோ மாமா," என்றேன். "அண்டைக்கு நீங்கள் சாப்பிடேல்லை."